தூரத்தின் ஏறுவரிசை

ஜூன் 11

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரில் கன்டென்சர் போய்விட்டது என்றார் எலெக்ட்ரீசியன். போன மாதமும் இதையேதான் சொன்னார், போன மாதமும் புதுசுதான் மாட்டினார். கேட்டால் "உங்க வீட்டு ராசி அப்படி சார்" என்கிறார். ராசிக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு போனார்.

பதினொன்றாம் வகுப்புக் கணக்குத் துணைநூல் ஒன்றை மேலாய்வு செய்யும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். சில சனிக்கிழமைகளில் திருச்சிக்குப் போய்வர வேண்டும். என் பங்குக்குத் தொடர்முறைகளும் சார்புகளும் வந்திருக்கின்றன. எது ஏறும், எது இறங்கும், எதற்கு என்ன பெயர் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வள்ளிக்கண்ணு கேட்டுவிட்டு, "ஏறுனா ஏறுது, எறங்குனா எறங்குது. இதுக்கு எதுக்கு எட்டுப் பேரு?" என்றாள். கணக்கு வாத்தியாரோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தவள் பேசுகிற பேச்சு.

இளவேனிலுக்கு அடுத்த மாதம் பொறியியல் கலந்தாய்வு. கட்-ஆஃப் நூற்று எண்பத்து நாலு. யாழினி வாங்கியதைவிட ஆறு கூட. அவள் இருந்திருந்தால் பாராட்டுகிற சாக்கில் தங்கச்சி தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள்.

யாழினி எங்கள் மூத்தவள். கோயம்புத்தூரில் முதல் வருடம் சேர்ந்து, ஆறாவது வாரம் விடுதியில் காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் போய்விட்டாள். டெங்கு. வருகிற செப்டம்பரில் மூன்று வருடம். எனக்குத் தெரிந்ததை எனக்கே ஏன் எழுதிக்கொள்கிறேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை.

ஜூன் 14

முதல் கூட்டம். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். ஆறு பேர் டீக்கும் வடைக்கும் வந்தவர்கள். மிச்சம் நானும் ரெஜினாவும். திருச்சியில் ஒரு கல்லூரியில் பேராசிரியை, முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆனால் பேசுவதில் பதர் இல்லை.

சண்டை முதல் பக்கத்திலேயே தொடங்கிவிட்டது. இருக்கிற வரையறை இதுதான்: ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிடப் பெரியதாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் அது ஏறும் தொடர்முறை. சமம் என்ற பேச்சே கூடாது, பெரியதாக மட்டுமே இருக்க வேண்டும் என்றால் அது திட்டமாக ஏறும் தொடர்முறை. 1, 2, 3, 4 திட்டமாக ஏறுகிறது. 1, 1, 2, 2, 3, 3 வெறுமனே ஏறுகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. 5, 5, 5, 5 என்று ஒரே எண் முடிவில்லாமல் வந்தாலும், வரையறைப்படி அதுவும் ஏறும் தொடர்முறை ஆகிவிடும். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"சிரிக்கத்தான் சார் செய்வாங்க" என்றார் ரெஜினா. "படிக்கட்டுல அசையாம நிக்கிறவனைப் பாத்து ஏறுறான்னு எந்த ஊர்ல சார் சொல்லுவாங்க? இறங்காத் தொடர்முறைன்னு ஒரு பேர் வைப்போம். நிக்கிறது, ஏறுறது ரெண்டையும் அது சேத்துப் பிடிச்சுக்கும். ஏறும்னா நிஜமாவே ஏறுறது மட்டும்."

சொல்வது நியாயம்தான். வெளிநாட்டுப் புத்தகங்களில் பாதி அப்படித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் நான் விடவில்லை. "இறங்காம இருந்தாலே போதும், அதுக்கும் ஏறும்ங்கற பேர் உண்டு. நின்னு போச்சுங்கறதுக்காக ஒண்ணை வரிசையிலேர்ந்து தள்ளி வைக்கக் கூடாது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. வடை தின்றுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

பேருந்தில் வரும்போது யோசித்தேன். இருபத்தேழு வருடமாக, மாறாமல் நிற்கும் மாறிலியை ஒரு வரியில் சொல்லித் தாண்டிப் போனவன் நான். இன்றைக்கு அதற்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் 17

முருங்கையில் கம்பளிப்பூச்சி. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். கையெல்லாம் தடித்துவிட்டது. இளவேனில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

ஜூன் 28

திட்டமாக ஏறும் சார்புக்கு வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்றார்கள். மரத்தின் உயரம் என்றார் ஒருவர். வெட்டிவிட்டால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். வங்கிச் சேமிப்பு என்றதும் அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும்தான்.

பிறகு குழுத் தலைவர் சொன்னார், "இவ்வளவு யோசனை எதுக்கு? ஒரு மனுஷனோட வயசு. காலம் போகப் போக அது கூடிக்கிட்டே போகும். நிக்காது, குறையாது. பிள்ளைங்களுக்கும் சட்டுனு புரியும்."

"எல்லாருக்கும் கூடாதுங்க" என்றேன்.

தலைவருக்கு என் வீட்டு விஷயம் தெரியும். காகிதத்தைப் புரட்டிவிட்டு, சரி, புத்தகத்தின் பக்க எண்ணைப் போட்டுக்கொள்வோம் என்றார். அது தொடர்முறை, சார்புக்கு அப்படியே பொருந்தாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெஜினாவுக்கும் தெரியும். ஆனால் அவரும் வாயைத் திறக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் ரெஜினா வந்து பக்கத்தில் நின்றார். "போன கூட்டத்துல நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா சார்?" என்றார். அதெல்லாம் இல்லை என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"ரெண்டு பொண்ணு."

"பெரியவளுக்கு என்ன வயசு சார்?"

"பதினேழு."

"சின்னவளுக்கு?"

"பதினேழு."

"ட்வின்ஸா?"

"இல்லம்மா" என்றேன். அதற்குள் புதுக்கோட்டைப் பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் போன போக்கைப் பார்த்தால் புரிந்துகொண்டுவிட்டார் என்றுதான் தோன்றியது.

ஜூலை 2

பள்ளியில் காலாண்டுக்கு முந்தைய தேர்வுக்கு வினாத்தாள் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருந்தபோதே தாளின் ஓரத்தில் கை தானாக வேறு ஒரு கணக்கைப் போட்டது.

இளவேனில் குடியரசு தினத்தன்று பிறந்தவள். கொடியேற்றத்துக்குப் போகவேண்டியவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். யாழினி பிப்ரவரியில் பிறந்தவள். மூத்தவளின் வயதை ஒரு கோடாக வரைந்தால், ஏறி வந்து ஒரு செப்டம்பரில் படுத்துக்கொள்கிறது. அதன் பிறகு அது மாறிலி. சின்னவளின் கோடு கீழிருந்து திட்டமாக ஏறி வருகிறது. ஒன்று நிற்கிறது, ஒன்று ஏறுகிறது என்றால் இரண்டும் வெட்டித்தான் தீர வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லுவான். ஆகஸ்ட் 28 அன்று இருவருக்கும் நாள் பிசகாமல் ஒரே வயது. மறுநாள் காலையில் என் சின்ன மகள் என் பெரிய மகளைவிட மூத்தவளாக எழுந்திருப்பாள்.

வேலை இல்லாதவன் போடுகிற கணக்கு. யாரிடமும் சொல்வதாக இல்லை. வள்ளிக்கண்ணு தாங்க மாட்டாள். சின்னவளுக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம்.

ஜூலை 9

காஸ் வந்தது. இளவேனிலுக்கு இரண்டு சுடிதார் தைக்கக் கொடுத்தோம். இதுவரை அக்காவுடையதைத்தான் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இறுக்குகிறதாம்.

ஜூலை 15

இன்று கல்லூரி விருப்பப் பட்டியல் பதிவு செய்ய கடைசி நாள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். நாம் எதை முதலில் போடுகிறோமோ அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், இல்லையென்றால் அடுத்தது. ஆகவே வரிசைதான் எல்லாம்.

இளவேனிலுக்கு சிவில் படிக்க ஆசை. பாலம் கட்ட வேண்டுமாம். சென்னையில் ஒரு கல்லூரியை முதலில் வைத்து, தன் கையால் இருபது பெயர் எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டில் நெட் இழுத்துக்கொண்டிருந்ததால், "நான் பிரவுசிங் சென்டர்ல போட்டுட்டு வர்றேன்த்தா, உச்சி வெயில்ல நீ எதுக்கு" என்று கிளம்பினேன். மழை மேகம் போட்டிருந்தது. வெயில் என்று எதற்குச் சொன்னேனோ.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவள் வரிசையில் எனக்கு ஒரு ஒழுங்கு தெரியவில்லை. சென்னை, கோயம்புத்தூர், திரும்பச் சென்னை, சேலம் என்று தாறுமாறாக இருந்தது. வரிசை என்றால் அதற்கு ஒரு விதி இருக்க வேண்டும். நான் ஒரு விதி வைத்தேன். வீட்டிலிருந்து தூரம், ஏறுவரிசையில். ஊருக்கு வெளியே பதினொரு கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரி முதலில். அவள் பட்டியலில் அது இல்லை, நான் சேர்த்தேன். அங்கே சிவில் கிடையாது, கம்ப்யூட்டர் போட்டேன். கம்ப்யூட்டருக்குத்தானே இப்போது மதிப்பு. காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறினால் சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு. பிறகு திருச்சி, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி என்று போட்டுக்கொண்டே போனேன். இரண்டு கல்லூரிகள் ஒரே தூரம் என்று எங்கும் வரவில்லை. திட்டமாக ஏறும் தொடர்முறை. சென்னை கடைசியில் போய் விழுந்தது.

பட்டியலைப் பூட்டுவதற்கு ஓ.டி.பி. வேண்டும். அது அவள் போனுக்குத்தான் போகும். கூப்பிட்டேன்.

"ஒரு நிமிஷம்ப்பா" என்றாள். ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆனது. நான் கம்ப்யூட்டர்க்காரரிடம் ஃபேனைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு எண்களைச் சொன்னாள். ஒவ்வொன்றாக, மெதுவாக.

"எல்லாம் போட்டாச்சாப்பா?" என்றாள்.

"போட்டாச்சுத்தா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எல்லாக் கல்லூரியையும் போட்டுத்தானே இருக்கிறேன்.

ஜூலை 19

முதல் விருப்பமே கிடைத்துவிட்டது! பதினொரு கிலோமீட்டர். குழுக் கூட்டத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். பால்கோவா வாங்கி வந்தேன். வள்ளிக்கண்ணு சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சம், யாழினி படத்துக்கு முன்னால் கொஞ்சம் வைத்தாள்.

இளவேனில் திரையைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தைக் காட்டத் தெரியவில்லை.

ஜூலை 20

வள்ளிக்கண்ணுவின் தம்பி போன் செய்தான். பேங்கில் இருக்கிறான், ஊர்க் கதை எல்லாம் அவனுக்குத் தெரியும். நூற்று எண்பதுக்கே சென்னையில் சிவில் கிடைத்திருக்கிறதே, நம்ம பிள்ளைக்கு எப்படிக் கிடைக்காமல் போனது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறான். அவள் போனை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்ணி வச்சிருக்கிய?"

சொன்னேன். தூரம், ஏறுவரிசை என்று விதியையும் சொன்னேன். சொல்லும்போதே அது எப்படி இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மடித்த துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியவளை அனுப்பிட்டு நான் அழாத நாள் இல்ல. ஆனா ஒரு நாளும் இவளைப் பூட்டி வைக்கணும்னு நெனச்சதில்லங்க" என்றாள். "காய்ச்சலு வீட்ல இருந்தா வராதா? கொசுவுக்கு பதினோரு கிலோமீட்டர்னு கணக்குத் தெரியுமா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என்னைப் பல தடவை கேலி செய்திருக்கிறாள். இன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

மேல்நகர்வு என்று ஒரு வசதி இருக்கிறது. கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலே போட்ட விருப்பங்களில் இடம் காலியானால் அதற்கு நகரலாம். ஓடிப்போய்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டம் மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. முதல் விருப்பமே கிடைத்தவளுக்கு மேலே நகர என்ன இருக்கிறது? என் மகளுக்கு மேலே எதுவுமே இல்லாதபடி நான்தான் வரிசை போட்டிருக்கிறேன்.

ஒரே வழி, இந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் நிற்பது. அதற்குள் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். நாளை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

ஜூலை 21

பள்ளிக்கு அரைநாள் விடுப்பு. இளவேனில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கெட்டை வாங்கிக்கொண்டு சொன்னேன். உன் பட்டியலை மாற்றிவிட்டேன், நீ எழுதிக் கொடுத்தபடி போடவில்லை என்று. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். ஐம்பத்திரண்டு வயதில் பெற்ற மகளுக்கு முன்னால் அப்படி நிற்க வேண்டி வந்தது.

"தெரியும்ப்பா" என்றாள்.

"யாரு சொன்னா? மாமாவா?"

"அன்னைக்கு ஓ.டி.பி. கேட்டீங்கள்ல, அப்பவே உள்ள போய் லிஸ்டைப் பாத்துட்டேன். அப்பறந்தான் நம்பர் சொன்னேன்."

அந்த ஒரு நிமிடம். நான் ஃபேனைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்த நிமிடம்.

"பாத்துட்டு எதுக்குத்தா சொன்ன? நம்பர் தர மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? சண்டை போட்டிருக்கலாம்ல?"

கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒரு சட்டையை உதறினாள். வாயிலிருந்து எடுத்துக் குத்திவிட்டுத்தான் பேசினாள். "நீங்க பயந்து போயிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

"உனக்கு என்னத்தா பயம்?"

என் கையிலிருந்த பக்கெட்டிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள். "இங்கேயே இருக்கேன்ப்பா. அம்மாவும் தனியா இருக்க வேணாம். கம்ப்யூட்டரும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

இதைத்தானே நான் கேட்டேன்? கேட்டது கிடைத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். விட்டுக்கொடுக்கும் வயதா இது? யாழினியை நிறுத்தியது காய்ச்சல். அதை யாரும் தடுத்திருக்க முடியாது என்று டாக்டரே சொன்னார். இவளை நிறுத்தப் பார்த்தது நான். ஒரு வீட்டில் இரண்டு பெண்களும் பதினேழு வயதிலேயே நிற்க வேண்டும் என்றா நான் இவ்வளவு நாளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்?

"வேணாம்னு சொல்லிடுவோம்த்தா. அடுத்த ரவுண்டுல நீயே போடு" என்றேன். மாட்டேன் என்றாள். அதில்தான் முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் வள்ளிக்கண்ணு மேலே வந்து, "இப்ப நீ போகலேன்னா, இந்த மனுஷன் சாகுற வரைக்கும் உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்துக் குமைவாரு. அதைக் காண எனக்குத் தெம்பு இல்லடி" என்றாள். அதற்குத்தான் இளவேனில் இறங்கி வந்தாள்.

நாலே முக்காலுக்கு அதே பிரவுசிங் சென்டர். 'வேண்டாம், அடுத்த சுற்றுக்குச் செல்கிறேன்' என்பதை அவள்தான் அழுத்தினாள். நான் வெளியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 26

நான் வராத கூட்டத்திலேயே முடிவெடுத்துவிட்டார்களாம். இறங்காத் தொடர்முறை என்றே அச்சாகும். ரெஜினா போனில் சொன்னார். "உங்ககிட்ட கேக்காம முடிச்சது எனக்குப் பிடிக்கலை சார். வேணும்னா திரும்ப எடுக்கச் சொல்றேன்" என்றார். வேண்டாம்மா, பிள்ளைகளுக்கு அதுதான் தெளிவு என்றேன். உண்மையிலேயே அதுதான் தெளிவு.

"சின்னவளுக்கு காலேஜ் கிடைச்சிருச்சா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 6

சென்னை கிடைக்கவில்லை. சிவிலுக்குச் சென்னையில் அவள் எழுதிய ஒரு கல்லூரியிலும் இடம் மிச்சம் இல்லை. கோயம்புத்தூரும் போய்விட்டது. திருநெல்வேலியில் கிடைத்திருக்கிறது. சிவில்தான், ஆனால் அவள் வரிசையில் அது பதினான்காவது.

முதல் சுற்றில் அவள் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் சென்னை கிடைத்திருக்கும். என் பயம் அவளுக்கு வைத்த விலை இது. அவளிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "தாமிரபரணியில எத்தனை பாலம் இருக்குன்னு தெரியுமாப்பா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

கொசுவலை, பெட்ஷீட், பக்கெட், மக்கு. கொசு விரட்டும் களிம்பு ஆறு ட்யூப் வாங்கினேன். "கடை வைக்கப் போறாளா?" என்றாள் வள்ளிக்கண்ணு. இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17

விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா என்று பார்த்தேன், அடித்திருந்தது. தண்ணீர்த் தொட்டிகள் மூடியிருக்கின்றனவா என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வார்டன் அம்மாள், "என்ன சார் தேடுதிய?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பினேன்.

இளவேனில் வாசல் வரை வந்தாள். அழவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என் கையைப் பிடித்தாள். "தினமும் போன் பண்ணாதீங்கப்பா. நானே பண்றேன்" என்றாள். சரி என்றேன்.

யாழினியை விட்டுவிட்டு வந்த அன்று வள்ளிக்கண்ணு வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். இன்று கோவில்பட்டி தாண்டும் வரை பேசவில்லை. பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

ஆகஸ்ட் 23

மோட்டார் மறுபடி. இந்தத் தடவை வேறு எலெக்ட்ரீசியன்.

ஆகஸ்ட் 28

பள்ளி, வீடு. கடையில் தயிர். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. வள்ளிக்கண்ணு உடம்புக்கு என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

இன்று ஒரு நாள் இருவருக்கும் ஒரே வயது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஆகஸ்ட் 29

காலை ஏழரைக்குப் போன் அடித்தது. சவரம் செய்துகொண்டிருந்தேன். சோப்பு நுரையோடு எடுத்தேன்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லத்தா. என்ன இந்நேரத்துல? உடம்பு நல்லாருக்கில்ல?"

"நல்லா இருக்கேன்ப்பா. காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல." பின்னால் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. "அப்பா, இன்னைக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியும்ல?"

கண்ணாடிக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு எப்படித்தா தெரியும்?"

"அக்கா நம்மளை விட்டுப் போன அந்த வருஷமே எண்ணிப் பாத்துட்டேன்ப்பா. அப்ப நான் பத்தாவது. என்னைக்கு அவளைத் தாண்டுவேன்னு பாத்து வச்சிருந்தேன். அதுக்கப்பறம் தெனமும் அது கிட்ட வந்துட்டே இருந்துச்சு." அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்க லிஸ்டை மாத்துனப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுப்பா. எங்கேயும் போகாம இருந்தா அந்த நாளு வராதுன்னு தோணுச்சு. பைத்தியக்காரத்தனமா இல்ல?"

மூன்று வருடம். அந்தத் தேதி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாலு வயதுப் பிள்ளை அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறாள். நான் ஒரு நாளும் கண்டுகொள்ளவில்லை.

"இது வரைக்கும் அவ செஞ்சதைத்தான்ப்பா எல்லாம் செஞ்சேன்" என்றாள். "அவ படிச்ச ஸ்கூல், அவ போட்ட சட்டை, அவ புஸ்தகம். எது வந்தாலும் அக்கா இதை எப்படிப் பண்ணுனான்னு பாப்பேன். இன்னைக்கிலேர்ந்து நான் பண்ற எதையும் அவ பண்ணுனதே இல்ல. எனக்கு முன்னாடி யாரும் இல்லப்பா. பயமா இருக்கு."

என்னென்னவோ சொல்ல வந்தது. "எனக்கும்தான்த்தா பயமா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. பிறகு நானும் அழுதுவிட்டேன். அவளுக்குக் கேட்கும்படி நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அவள்தான் முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தெளிந்தாள்.

"எட்டரைக்குக் கிளாஸ்ப்பா. இன்னும் குளிக்கல. வச்சுரட்டுமா?"

"வையித்தா" என்றேன்.

நானாக வைக்கவில்லை. அவளே வைக்கட்டும் என்று போனைக் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டாள்.